கல்லுக்குப் பின்னால் ஒரு பதிவேடு

முதலில் என் மகனைத் திட்டி முடித்துவிடுகிறேன். பிறகு திருகோணமலைக்குப் போகலாம்.

கார்த்திக் மெல்போர்னில் இருக்கிறான். நல்ல வேலை, நல்ல சம்பளம், புத்திக்கு மட்டும் பஞ்சம். சனி ஞாயிறு வந்தால் ஒரு விளையாட்டுக்குக் கிளம்பிவிடுவான். யாரோ ஒருவர் சாப்பாட்டு டப்பா ஒன்றில் சின்ன நோட்டைப் போட்டு, பாலத்துக்கு அடியிலோ மரப்பொந்திலோ ஒளித்து வைப்பார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையதளத்தில் போடுவார். மற்றவர்கள் கைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு தேடிப் போவார்கள். டப்பா கிடைத்தால் நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். பரிசும் கிடையாது, பண்டமும் கிடையாது. ஜியோகேச்சிங் என்று பெயராம். கழுதை வயதானவர்கள் கண்ணாமூச்சி ஆடுவதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் வேண்டியிருக்கிறது.

நான்கு வருடத்துக்கு முன்னால் நண்பர்களோடு இலங்கைக்குச் சுற்றுலா போனவன், திருகோணமலைத் துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய நினைவுக்கல்லுக்கு அருகே இப்படி ஒரு டப்பாவை ஒளித்துவிட்டு வந்திருக்கிறான். வெளியூர்க்காரர் ஒளித்தால் அதைப் பார்த்துக்கொள்ள உள்ளூரில் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விளையாட்டின் விதி. உள்ளூர்ப் பொறுப்பாளர் என்ற இடத்தில் இந்தப் பிள்ளை என் பெயரைப் போட்டு வைத்திருக்கிறான். நான் இருப்பது திருச்சி உறையூரில். நடுவில் ஒரு கடல் கிடப்பது அவன் கண்ணுக்குத் தெரியவில்லை.

இந்த வருடம் யாரோ ஒரு விளையாட்டுக்காரர் தளத்தில் புகார் எழுதிவிட்டார். நோட்டு முழுக்க உள்ளூர்க்காரர்கள் கிறுக்கி நாசம் செய்திருக்கிறார்கள், கையெழுத்துப் போட இடமே இல்லை என்று. கூடவே ஒரு புகைப்படம். சரிசெய்யாவிட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம் என்று தளத்துக்காரர்கள் எச்சரித்தார்கள். அந்த நேரம் பார்த்து நான் கொழும்புக்கு ஒரு சிநேகிதி மகளின் கல்யாணத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்படியே ஒரு எட்டு போயிட்டு வந்துரும்மா. பழைய நோட்டத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வச்சிரு. அவ்ளோதான்" என்றான்.

அந்த ஒரு எட்டுக்கு, கல்யாணம் முடிந்து கொழும்பிலிருந்து பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போயிற்று.

தம்பலகாமத்துக்கு அருகில் பஸ் நின்றது. இரண்டு பக்கமும் வயல், நடுரோட்டில் யானை. எங்கள் ஊரில் யானை நின்றால் கோயில் வாசலில் நிற்கும், பாகன் பக்கத்தில் இருப்பான், தும்பிக்கையில் காசு வைக்கலாம். இது பாகன் இல்லாத யானை. நான் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மற்றவர்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடத்துநர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. பக்கத்து சீட்டுப் பெண் எனக்குத் தமிழில் சொன்னாள்: "இவருக்கும் சீசன் டிக்கெட் இருக்காம். எங்களைவிட ஒழுங்கா வாறவராம்."

சீசன் டிக்கெட்காரர் அரைமணி நேரம் கழித்து வயலுக்குள் இறங்கிப் போனார். இந்த நேரத்துக்கு மெல்போர்னில் என் மகன் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று நினைத்தேன். எரிச்சலாக வந்தது.

மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமையில் நான் மீன் தொடுவதில்லை. தங்கியிருந்த விடுதியில் காலைக்கு இடியாப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும் வைத்தார்கள். சம்பல் பிரமாதம். இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இதில் என்ன போடுகிறீர்கள் என்று சமையல்கார அம்மாவிடம் கேட்டேன். "செத்தல் மிளகாய், வெங்காயம், மாசி" என்றார். மாசி என்றால் என்ன என்றேன். காய்ந்த மீனாம். இன்றைக்கு நான் மீன் சாப்பிட மாட்டேனே என்று பதறினேன். "அது மீன் இல்லையம்மா, மாசி. சம்பலுக்குப் போடுறது" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு அவர் சமையலறைக்குள் போய்விட்டார். என் விரதம் அதோடு போயிற்று. அந்தக் கணக்கும் கார்த்திக்கின் தலையில்தான்.

அன்றைக்கு எனக்கு வாய்த்த ஓட்டோக்காரர் நிஸ்தார், கிண்ணியாக்காரர். எங்கே போக வேண்டும் என்று கேட்டார். கைபேசியைக் காட்டினேன். அதில் இருந்த புள்ளி நேராகக் கடலுக்குள் காட்டியது.

"அம்மா, இதுக்கு ஓட்டோ சரிவராது" என்றார்.

விளையாட்டை அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஓட்டோவை ஓரங்கட்டினார்.

"சண்டைக் காலத்துல இந்த ஊருல றோட்டோரத்துல ஒரு பெட்டி கிடந்தா, கண்டவன் குண்டெண்டு கத்துவான், ஊரே ஓடும். ஒரு சொப்பிங் பேக்க மறந்து வச்சிட்டு வந்த மனிசனுக்கு அடியும் விழுந்திருக்கு. உங்கட மகனுக்கு இது ஒண்டும் தெரியாதா?"

தெரியாது என்றேன். சொல்லும்போதே எனக்கு முகம் சுட்டது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. எனக்கும்தான் தோன்றியிருக்கவில்லை.

தளத்தில் அவன் எழுதியிருந்த குறிப்பைப் படித்தேன்: 'வரலாற்றுக் கல் ஒன்றின் அருகே. அமைதியான இடம். ஆள் நடமாட்டம் கிடையாது.' எனவே ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகத் தேடினோம். உவர்மலைப் பக்கம் போனோம். யாரையும் சட்டை செய்யாமல் புள்ளிமான்கள் தெருவில் குப்பைத்தொட்டியை முகர்ந்துகொண்டு நின்றன. எங்கள் ஊர் மாடுகளின் வேலையை இங்கே மான்கள் பார்க்கின்றன. கரையோரமாக ஒரு கம்பிவேலி வரைக்கும் போனோம். காவலுக்கு நின்ற இளைஞன் கையைக் காட்டித் தடுத்தான். நிஸ்தார் அவனிடம் சிங்களத்தில் நீளமாக ஏதோ சொன்னார். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டான். "இந்த விளையாட்டுல அம்மா மட்டும்தானா, எதிர்க்கட்சியும் இருக்கா" என்று கேட்கிறானாம்.

ஓய்வூதியம் வாங்கும் என்னை, துப்பாக்கி வைத்திருக்கும் பையன்கூடப் பரிதாபமாகப் பார்க்கும்படி ஆக்கிவிட்டான் என் பிள்ளை. அன்று மாலை வரை தேடியும் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டோவில் ஏறும்போது நிஸ்தார் சொன்னார்: "ராத்திரி யோசிச்சன் அம்மா. ஆக்கள் இல்லாத இடம் எண்டு தேடினா எப்பிடிக் கிடைக்கும்? இந்த ஊருல எங்க ஆக்கள் இல்ல? பழைய கல்லு எண்டா உட்துறைமுகத்து றோட்டுல ஒண்டிருக்கு. வாங்க."

இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டோம். மூதூர் படகு கட்டும் இறங்குதுறைக்குப் பக்கம். வள்ளங்கள், வலை காயப்போடுகிற ஆட்கள், சைக்கிளில் மீன்பெட்டி கட்டுகிறவர்கள், ஒரு வடைத் தள்ளுவண்டி, அதைச் சுற்றி பிளேன்டீயோடு ஏழெட்டுப் பேர். நடுவில் அந்தக் கல். பக்கத்தில் ஓர் அறிவிப்புப் பலகை. முந்தின நாள் கடலுக்குள் காட்டிய என் மகனின் புள்ளி, கிட்டே போனதும் அங்கே வந்துதான் நின்று துடித்தது. இதுதான் அவனுக்கு ஆள் நடமாட்டம் இல்லாத இடம். அங்கே நின்றவர்களை அவன் ஆள் கணக்கில் சேர்க்கவில்லை என்றால் வேறு என்ன அர்த்தம்?

பலகையைப் படித்தேன். போர்த்துக்கீசியர் வந்தார்கள், ஒல்லாந்தர் வந்தார்கள், பிரெஞ்சுக்காரர் வந்தார்கள், ஆங்கிலேயர் வந்தார்கள். எந்தத் தளபதி எந்தக் கப்பலில் வந்து எங்கே நங்கூரம் போட்டார் என்பதெல்லாம் இருந்தது. கப்பல்களுக்குக்கூடப் பெயர் இருந்தது. அவர்கள் வந்து இறங்கியபோது கரையில் நின்றவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. தமிழ் கடைசியில், துருவுக்கு இடையில். அத்தனை கோபத்திலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: துறைமுகம் அழகு. அலையே இல்லாத பச்சைத் தண்ணீர், சுற்றி மலை. இதற்காகத்தான் அத்தனை பேரும் அடித்துக்கொண்டார்கள் போலும்.

கல்லின் பின்பக்கம் நான்கு செங்கல். அவற்றை நகர்த்தினேன். டப்பா இருந்தது. இரண்டு பாலிதீன் பையில் சுற்றி, ரப்பர்பேண்ட் போட்டு, மழைத் தண்ணீர் தொடாதபடி பலகைத் துண்டின் மேல் வைத்திருந்தார்கள். சேதம் என்று புகார் எழுதியவரை நினைத்தேன். என் வீட்டுப் பத்திரங்களைக்கூட நான் இத்தனை பத்திரமாக வைக்கவில்லை.

நோட்டைத் திறந்தேன். முதல் நாலைந்து பக்கம் இங்கிலீஷ், ஜெர்மன், ஏதேதோ பெயர்கள், சிரிக்கிற முகங்கள். ஆறாம் பக்கத்தில் சிவப்பு மையால் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டிருந்தது. மேலே தமிழில் தலைப்புகள்: முழுப்பெயர். வயது. அடையாள அட்டை இலக்கம். முகவரி. கடைசியாகக் கண்ட இடம். கண்டவர்.

நான் தாலுகா அலுவலகத்தில் மனுப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்தவள். பதிவேட்டைப் பார்த்தால் எனக்குத் தெரியும். இது கிறுக்கல் இல்லை. நான் போட்டதைவிட நேரான கோடு.

கண்ணில் பட்ட வரிகள்: கிளிவெட்டியிலிருந்து ஒருவர், மண்ணெண்ணெய் வாங்கப் போனவர். மூதூரிலிருந்து இரண்டு அண்ணன் தம்பி, ஒரே வீடு, ஒரே நாள். பாலையூற்றிலிருந்து ஒரு பையன், வயது பதினாறு, கடைசியாகக் கண்ட இடம் 'ரியூசன் வாசல்', கண்டவர் 'தாய்'. தமிழ்ப் பெயர்கள், முஸ்லிம் பெயர்கள், பல கையெழுத்துகள். சிலருக்கு எழுத வராது போலிருக்கிறது, வேறொருவர் எழுதி, கட்டைவிரல் மை ஒற்றியிருந்தது. பக்கம் பக்கமாகப் போயிற்று. கடைசிப் பக்கத்தில், பெயர்களுக்கு நடுவில் கிடைத்த இடுக்கில், யாரோ ஒரு விளையாட்டுக்காரர் தேதி போட்டு 'நன்றி, ஜாலியாக இருந்தது' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தார்.

ஆத்திரத்தில் அந்த வரியை நகத்தால் சுரண்டினேன்.

"அக்கா, நீங்கள்தானோ இந்தக் கொப்பி எடுக்க வந்தனீங்கள்?"

வடை வண்டிக்காரப் பெண். ஐம்பது வயது இருக்கும். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். பெயர் ராஜேஸ் என்று பிறகு சொன்னாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"எப்பவாவது ஒரு நாள் ஆரும் வருவினம் எண்டு தெரியும். நான்தான் பொலித்தீன் சுத்தி வச்சனான். மழைக்கு நனைஞ்சிடும் எண்டு."

"இதை நீங்க எப்பம்மா பாத்தீங்க?"

"ரெண்டு வருசத்துக்கு முந்தி. வெள்ளைக்காரர் வந்து குந்தியிருந்து எழுதுறதும் படம் எடுக்கிறதும் இடைக்கிடை காணுறனான்தானே. பிறகொரு மழைக்குப் பெட்டி வெளியிலை வந்து கிடந்தது. திறந்து பாத்தால் பேரும் திகதியும். எங்கட காணாமப் போன ஆக்களின்ர விசயம்தான் எண்டு விளங்கிச்சு. வேற என்னத்துக்கக்கா எங்கட ஊரிலை வந்து பேர் எழுதுகினம்?"



"அரசாங்கக் கந்தோர் கந்தோரா ஏறி இறங்கினனாங்கள். கொழும்பாலை வந்தவை எழுதினவை, வெளிநாட்டாலை வந்தவை எழுதினவை. என்னென்ன கேப்பினம் எண்டு எல்லாம் பாடம். அதுதான் மகளைக் கொண்டு கோடு போடுவிச்சனான். மூதூர் ஆக்களுக்கும் சொன்னனான், படகிலை வந்து எழுதிப்போட்டுப் போனவை. என்ர அவர் முதலாவது. சிவராசா. சைக்கிளிலை சாமான் வாங்கப் போனவர்." கையை நீட்டி அந்தப் பெயரைத் தொட்டுக் காட்டினாள். பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்: "அக்கா, துண்டு ஒண்டு தருவீங்களோ? எல்லாரும் ஒரு நம்பர் போட்டுத் துண்டு தாறவை. வீட்டிலை ஒரு தகரப் பேணி நிறைய வச்சிருக்கிறன்."

அந்தத் துண்டு எனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருடம் நான் கிழித்துக் கொடுத்த துண்டு. எண் போட்டு, தேதி போட்டு, முத்திரை குத்தி, 'மேலே அனுப்பியிருக்கோம், தகவல் வரும்' என்று சொல்லி அனுப்புவேன். எத்தனை மனு மேலே போகாமல் என் அலமாரியிலேயே படுத்துக் கிடந்தது என்பதை நான் மட்டுமே அறிவேன். வரிசையில் நின்றவர்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். சொல்வது பொய் என்று தெரிந்தே சொல்வேன். அதற்காக ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை. அந்த வாக்கியம் இப்போதும் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லியிருந்தால் சுலபம். அவள் சந்தோஷமாக வடை சுடப் போயிருப்பாள். நான் மாலை பஸ்ஸைப் பிடித்திருப்பேன்.

"ராஜேஸ்" என்றேன். "நான் எந்த ஆபீசுலேர்ந்தும் வரலம்மா. இந்த நோட்டு எங்கயும் போகாது. இது ஒரு விளையாட்டு."

முழுவதும் சொன்னேன். டப்பா, கைபேசி, கையெழுத்து, இணையதளம், மெல்போர்ன், என் மகன், பழைய நோட்டைத் தூக்கிப் போட என்னை அனுப்பியது, எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த நிஸ்தார் பிளேன்டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

எண்ணெய் புகைய ஆரம்பித்திருந்தது. ராஜேஸ் வண்டிக்குப் போய் அடுப்பைக் குறைத்தாள். இறால் வடைகளை ஒவ்வொன்றாக எடுத்து வடிய வைத்தாள். அவள் என்னைத் திட்டினால் தேவலை என்றிருந்தது. பிறகு திரும்பி, சாதாரணக் குரலில் சொன்னாள்:

"எத்தினை பேரக்கா வந்து எங்கட பேரை எழுதிக்கொண்டு போனவை. ஒருத்தரும் இது விளையாட்டெண்டு சொல்லேல்லை. நீங்கள்தான் முதன்முதலாச் சொன்னது."

அந்த இடத்தில் நான் உடைந்துபோனேன். உடைந்தவள் சும்மா இருக்கலாம் இல்லையா? மனுப் பிரிவு புத்தி போகவில்லை. "நோட்ட நானே எடுத்துட்டுப் போறேம்மா, எல்லாப் பேரையும் நல்லா எழுதி, எங்கயாவது சரியான இடத்துக்கு அனுப்பறேன்" என்றேன்.

"வேண்டாமக்கா. இன்னொருக்கா எழுத வேண்டாம்."

கையை நீட்டினாள். நோட்டைக் கொடுத்தேன். பாலிதீனில் மறுபடி சுற்றி, வண்டியின் அடித்தட்டிலிருந்த தன் கைப்பைக்குள் வைத்தாள். "நாளைக்கு மூதூர்ப் படகிலை ரெண்டு பேர் வருவினம், புதுசா எழுத. அவைக்கு நான்தான் சொல்ல வேணும்."

"என்னன்னு சொல்வீங்க?"

"நீங்கள் சொன்னதைத்தான். வேற என்னத்தைச் சொல்ல ஏலும்?"

டப்பாவை நான் எடுத்துக்கொண்டேன். புறப்படும்போது மூன்று வடையைத் தாளில் சுற்றிக் கையில் திணித்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓட்டோவில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டேன். காரம் கண்ணில் ஏறியது என்று நிஸ்தாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு மெதுவாக ஓட்டினார்.

திங்கட்கிழமை பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கார்த்திக் அழைத்தான்.

"நோட்ட மாத்திட்டியாம்மா?"

"அந்தப் புகாரோட ஒரு போட்டோ வந்துதே, அதை நீ பெருசு பண்ணிப் பாத்தியா?"

"இல்லம்மா. ஏதோ கிறுக்கல்னு..."

"தமிழ்டா அது. உனக்குப் படிக்கத் தெரிஞ்ச தமிழ்."

நடந்ததைச் சொன்னேன். நினைவில் நின்ற பெயர்களையும் வயதையும் சொன்னேன். பிறகு அவன், டப்பாவைத் தளத்திலிருந்தே எடுத்துவிடுவதாகச் சொன்னான். எடுப்பதற்கு ஒரு காரணம் எழுத வேண்டுமாம். என்ன எழுதட்டும் என்று கேட்டான்.

"ஆள் நடமாட்டம் இல்லாத இடம்னு எழுதுனேல்ல, அதத் திருத்து. இங்கே மனுஷங்க இருக்காங்கன்னு எழுது."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். தமிழ்ல எழுது. கிறுக்கல்னு சொல்றவன் சொல்லட்டும்."

தமிழில் தட்டச்சு செய்து அவனுக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிப்பது எனக்குக் கேட்டது. பஸ் வந்து நின்றது. அவன் எழுதி முடிக்கும்வரை நான் ஏறவில்லை.